‘கையில் எதுவும் இல்லை’ என்று எழுதிய வாசகிக்கு

கேள்வி: எனக்கு 44 வயது. ஒரு மருத்துவமனையில் அட்மிஷன், பில்லிங் பிரிவுகளில் 15 வருடம் வேலை பார்த்தேன். மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கையானதும் வேலையை விட்டுவிட்டு, 6 வருடம் அவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டேன். கடைசிவரை அவருக்குப் படுக்கைப் புண் வரவில்லை. அந்த ஒரு திருப்தி இருக்கிறது. போன வருடம் அவர் காலமானார். நோயாளியை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடும் குடும்பங்களுக்கு உதவும் சேவை ஒன்றைத் தொடங்க ஆசைப்படுகிறேன். பில்லிங் வேலைக்குத் திரும்ப மனமில்லை. ஆனால் உட்கார்ந்து யோசித்தால் கையில் எதுவும் இல்லை. நர்ஸிங் படித்ததில்லை. பெரிய ஆட்கள் யாரையும் தெரியாது. 6 வருடமாக வெளியுலகத் தொடர்பே விட்டுப்போய்விட்டது. சேமிப்பும் கொஞ்சம்தான். ‘முதலில் உன்னிடம் என்ன இருக்கிறது என்று பார்’ என்கிறார் கணவர். எப்படிப் பார்ப்பது? மருத்துவமனையைவிட்டு வரும்போது அன்றைய மேலாளரோடு மனக்கசப்பு. அவரிடம் போய் உதவி கேட்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கையில் எதுவும் இல்லை என்று எழுதுவதற்குச் சில வரிகள் முன்னால், கடைசிவரை படுக்கைப் புண் வரவில்லை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பக்கவாதத்தில் படுத்தவரை 6 வருடம் வீட்டில் வைத்து, புண் வராமல் காப்பாற்றியதாக எந்த நர்ஸிடம் வேண்டுமானாலும் சொல்லிப் பாருங்கள். ‘எப்படிச் செய்தீர்கள்?’ என்று அவர் கேட்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, ஈரம் தங்காமல் பார்ப்பது, குதிகாலும் இடுப்பும் சிவக்கிறதா என்று தினமும் கவனிப்பது, படுக்கை விரிப்பில் சுருக்கம் விழாமல் இழுத்துவிடுவது என்று இரவும் பகலும் நீங்கள் செய்த ஆயிரம் காரியங்கள் அந்த ஒரு வரிக்குள் இருக்கின்றன. அதை நீங்கள் ‘திருப்தி’ என்ற கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். ‘திறமை’ என்ற கணக்கில் எழுதவில்லை.

தொழில் ஆலோசகராக என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தங்களைக் கணக்கெடுக்கிறார்கள். படிப்பு, பதவி, சம்பளம், தெரிந்த பெரிய மனிதர்கள் என்று நான்கு தலைப்பு போட்டுக்கொள்கிறார்கள். அந்தத் தலைப்புகளில் எழுத ஒன்றும் இல்லையென்றால் தாள் காலியாகவே இருக்கிறது. தினமும் செய்து செய்து பழகிப்போனது எதுவும் அந்தத் தாளில் ஏறுவதில்லை. மைக்கேல் போலான்யி என்ற அறிஞர் 1966இல் இதைத்தான் சொன்னார்: நாம் சொல்லக்கூடியதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம். கை பழகிவிட்ட வேலை வாய்க்கு வராது. அதனால் அது நம் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகிறது.

ஆகவே முதல் வேலை, ‘என்னிடம் என்னென்ன திறமை இருக்கிறது?’ என்று கேட்பதை நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்குப் ‘பொறுமை, உழைப்பு, நேர்மை’ என்றுதான் பதில் வரும். அதை வைத்து யாரும் எதையும் தொடங்க முடியாது. அதற்குப் பதிலாக நடந்த சம்பவங்களை எழுதுங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க விமானப்படைக்காக வேலை செய்த ஜான் ஃப்ளனகன் என்ற உளவியலாளர் இந்த வழியை வளர்த்தெடுத்தார். நல்ல விமானிக்கு என்ன குணம் வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் பொதுவான வார்த்தைகளைத்தான் சொல்வார்கள். ‘குறிப்பிட்ட அந்தப் பொழுதில் என்ன நடந்தது, யார் என்ன செய்தார்?’ என்று கேட்டால்தான் வேலையின் உண்மையான கூறுகள் வெளியே வரும். இந்த முறையை அவர் 1954இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். இன்றைக்கு வேலை நேர்காணல்களில் ‘நீங்கள் சந்தித்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்’ என்று கேட்கிறார்களே, அதுவும் இதே குடும்பத்துக் கேள்விதான்.

ஒரு நோட்டை எடுத்து, இருபது சம்பவங்களை எழுதுங்கள். பத்து மருத்துவமனையில் நடந்தவை, பத்து வீட்டில் நடந்தவை. பெரிய சாதனையாக இருக்கத் தேவையில்லை. ஒவ்வொன்றிலும் நிலைமை என்ன, நான் கையால் என்ன செய்தேன், என்ன ஆயிற்று, அதை யார் பார்த்தார்கள் என்பதை எழுதுங்கள். பில்லைப் பார்த்துக் கோபத்தில் கத்திய ஒரு குடும்பத்தை உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாக விளக்கி அனுப்பியது ஒரு சம்பவம். இன்சூரன்ஸ் கிளைம் எந்தத் தாள் இல்லாததால் திரும்பி வந்தது என்று கண்டுபிடித்தது ஒரு சம்பவம். மாமியாரை வீட்டுக்குக் கூட்டிவந்த முதல் வாரம் நீங்களே திண்டாடினீர்களே, அது மிக முக்கியமான சம்பவம். காலை, மதியம், இரவு மாத்திரைகள் குழம்பாமல் இருக்க நீங்கள் ஏதாவது ஒரு முறை வைத்திருப்பீர்கள். அட்டவணையோ, டப்பாவோ, சுவரில் ஒட்டிய தாளோ, எதுவாக இருந்தாலும் அதையும் எழுதுங்கள். முழுங்கக் கஷ்டப்பட்டவருக்கு எப்படி உட்காரவைத்துக் கொடுத்தீர்கள், பேச்சு குழறியவர் சொல்வதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள், எல்லாம் வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு சம்பவத்திலும் வினைச்சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். விளக்கினேன், கண்டுபிடித்தேன், வரிசைப்படுத்தினேன், புரட்டினேன், கவனித்தேன், பயம் தெளிவித்தேன். உங்கள் திறமைகளின் பட்டியல் அந்தக் கோடுகளுக்கு மேலே இருக்கும். அதுவும் ஒவ்வொன்றும் சாட்சியோடு.

உங்கள் விஷயத்தில் இங்கே நிறுத்திவிடக் கூடாது. நீங்கள் போக நினைப்பது மனித உயிரோடு சம்பந்தப்பட்ட வேலை. அதனால் அந்தப் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: நானே தனியாகச் செய்யக்கூடியவை, இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடியவை, பக்கத்தில் நின்று பார்த்தவை. இந்த மூன்றாவது பகுதியில் நீங்கள் உங்களிடம் மிகவும் கண்டிப்பாக இருக்க வேண்டும். மூக்குக்குழாய் மாற்றுவது, சிறுநீர்க் குழாய் போடுவது, ஊசி, மருந்தின் அளவைக் கூட்டுவது குறைப்பது, இவற்றை நீங்கள் எத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாலும் இவை உங்கள் கையிருப்பு அல்ல. பயிற்சி பெற்றவர்களின் வேலை. ஒரு குடும்பம் கெஞ்சிக் கேட்டாலும் ‘இது என் வேலை இல்லை, இதற்கு நர்ஸைக் கூப்பிடுங்கள்’ என்று சொல்லும் தெளிவு முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். அந்தத் தெளிவே உங்களை நம்புவதற்கு ஒரு காரணமாக இருக்கும்.

இரண்டாவது பகுதிக்கும் ஒரு வார்த்தை. செய்யத் தெரிவதும் சொல்லிக்கொடுக்கத் தெரிவதும் ஒன்றல்ல. உங்கள் இலக்கு சொல்லிக்கொடுப்பது. அதனால் வீட்டில் யாரையாவது படுக்கவைத்து, அவரை எப்படிப் புரட்டுவது என்று உங்கள் மகனுக்கோ தங்கைக்கோ சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். உங்கள் கையை நீட்டாமல், வாயால் மட்டும். எங்கே நீங்கள் ‘இரு, நானே காட்டுகிறேன்’ என்று குறுக்கே போகிறீர்களோ, அங்கே இன்னும் வார்த்தை தேட வேண்டியிருக்கிறது என்று பொருள்.

உங்கள் கண்ணுக்குப் படாதது மற்றவர் கண்ணுக்குப் படும். 1955இல் ஜோசஃப் லுஃப்ட், ஹாரி இங்கம் என்ற இருவர் நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு படத்தை வரைந்தார்கள். இன்றும் பயிற்சி வகுப்புகளில் அதை ‘ஜோஹரி ஜன்னல்’ என்று சொல்லித்தருகிறார்கள். அதில் ஒரு கட்டம் முழுக்க, நம்மைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத விஷயங்களுக்கானது. நான்கைந்து பேரிடம், ‘என்னிடம் என்ன திறமை இருக்கிறது?’ என்று கேட்காமல், ‘எந்த விஷயத்துக்கு நீ என்னைக் கூப்பிடுவாய்?’ என்று கேளுங்கள். புகழ்ச்சி வராது, தகவல் வரும்.

இப்போது நீங்கள் ஒதுக்கிவைத்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பில்லிங் வேலைக்குத் திரும்ப மனமில்லை என்கிறீர்கள். திரும்ப வேண்டாம். செய்யத் தெரிந்ததெல்லாம் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. நன்றாக வரும், ஆனால் செய்தால் மனசு சோர்ந்துபோகும் என்ற வகை வேலைகளைக் கணக்கெடுப்பில் தனியாகக் குறித்து வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்த 15 வருடத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். மருத்துவமனை கவுன்ட்டருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களும் நிறைய இருக்கிறார்கள். இரண்டும் தெரிந்தவர் அபூர்வம். டிஸ்சார்ஜ் அன்று ஒரு குடும்பத்துக்கு எந்தத் தாள்கள் வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த வரியைப் புரியாமல் வீட்டுக்குப் போகிறார்கள், கிளம்புவதற்கு முன் யாரிடம் என்ன கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும், வீட்டில் கட்டில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், முதல் இரவு என்ன பயம் வரும் என்று ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஒருவர், வேலை விஷயத்தில் தன்னை ‘ஒன்றுமில்லாதவர்’ என்று நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதனால் உங்கள் இலக்கின் வடிவமே மாற வேண்டும் என்று நினைக்கிறேன். ‘நோயாளியுள்ள குடும்பங்களுக்கு உதவும் சேவை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது மிகப் பெரிய பரப்பு. அதற்கு ஆட்கள், வண்டி, பணம் எல்லாம் வேண்டும். அந்த அளவுகோலை வைத்து அளந்தால் கையில் எதுவும் இல்லை என்றுதான் தெரியும். உங்கள் கையிருப்பைப் பார்த்தால் எனக்குத் தெரிகிற வேலை வேறு: டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளிலிருந்து வீட்டில் முதல் பத்து நாள் வரை ஒரு குடும்பத்தோடு நின்று, அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்களே பார்த்துக்கொள்ளும்படி ஆக்கிவிட்டு விலகிவருவது. இதற்கு அலுவலகம் வேண்டாம், ஆட்கள் வேண்டாம். இலக்கைச் சுருக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கையில் இருப்பதைக் கொண்டு நாளைக்கே தொடங்கக்கூடிய முனை எது என்றுதான் பார்க்கிறேன்.

சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர், அனுபவம் மிக்க 27 தொழில்முனைவோரிடம் ஒரே மாதிரியான சிக்கல்களைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தீர்க்கச் சொன்னார். அதிலிருந்து 2001இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையில் பேசப்படுகிறது. பெரும்பாலும் அவர்கள் இலக்கை முதலில் உறுதியாக வைத்துக்கொண்டு அதற்கு வேண்டிய பொருளைத் தேடிப் போகவில்லை. நான் யார், எனக்கு என்ன தெரியும், எனக்கு யாரைத் தெரியும் என்ற மூன்றையும் முன்னால் வைத்து, இவற்றைக் கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்தார்கள். உங்கள் கணவர் கேட்டதும் இந்தக் கேள்விதான்.

சரி, ‘யாரைத் தெரியும்’ என்ற கேள்விக்கு வருவோம். இதில்தான் நீங்கள் மிகவும் தளர்ந்துபோயிருக்கிறீர்கள்.

பெரிய ஆட்களைத் தெரியாது என்பது உங்களுக்குத் தடையே இல்லை. மார்க் கிரானொவெட்டர் என்ற சமூகவியலாளர், பாஸ்டன் அருகிலுள்ள நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், ‘தகவல் சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள்?’ என்று கேட்டார். 1973இல் வந்த அவருடைய கட்டுரையில் உள்ள கணக்கு இது: வாரம் இரண்டு முறையாவது பார்க்கும் நெருக்கமானவர் மூலம் வேலை கிடைத்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் கிடைத்தவர்கள் 56 பேர். வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் மூலம் 28 பேர். காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி இருப்பவர்தான் நாம் போகாத இடங்களுக்குப் போகிறார், நாம் கேட்காத பேச்சைக் கேட்கிறார். லிங்க்டின் தளத்தின் சுமார் 2 கோடிப் பேரின் தரவுகளை வைத்து 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இதைக் கொஞ்சம் திருத்தியது. ரொம்பவும் தூரத்து அறிமுகமும் சரி, நெருக்கமான உறவும் சரி, அவ்வளவாக உதவவில்லை. நடுவில் இருக்கும் ஓரளவு பழக்கமானவர்கள்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினார்கள். நீங்கள் தேடுவது வேலை இல்லைதான். ஆனால் உங்களுக்கு வேண்டியதும் தகவலும் அறிமுகமும்தானே. இரண்டும் அதே வழியில்தான் வரும்.

எனவே போனில் உள்ள பெயர்களை மேலிருந்து கீழாக ஓட்டாதீர்கள். அப்படிப் பார்த்தால் அடிக்கடி பேசுகிறவர்கள்தான் கண்ணில் படுவார்கள். காலத்தையும் இடத்தையும் வைத்து எழுதுங்கள். மருத்துவமனையில்: வார்டு நர்ஸ்கள், வார்டு உதவியாளர்கள், மருந்தகத்தில் இருந்தவர், லேப் ஆட்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், இன்சூரன்ஸ் மேசைக்காரர்கள், சமூக சேவகர். வீட்டில் இருந்த 6 வருடத்தில்: மாமியாருக்கு வந்த பிசியோதெரபிஸ்ட், குழாய் மாற்ற வந்த நர்ஸ், கட்டிலும் சக்கர நாற்காலியும் வாடகைக்குக் கொடுத்தவர், மருந்துக்கடைக்காரர், மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் பழக்கமான, உங்களைப்போலவே யாரையோ பார்த்துக்கொண்டிருந்த பெண். தொடர்பே விட்டுப்போனது என்றீர்கள். இந்த வேலைக்கு வேண்டிய தொடர்புகளில் பாதி உங்கள் வீட்டு வாசல்படி ஏறி வந்திருக்கின்றன.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, ‘இவரிடம் என்ன கேட்டு வாங்கலாம்’ என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் கூச்சம் வரும், பாதிப் பெயர்களை நீங்களே அடித்துவிடுவீர்கள். இவர் தினமும் எதைப் பார்க்கிறார், யாரைச் சந்திக்கிறார், என்னால் இவருக்கு என்ன ஆகும், இதை எழுதுங்கள். அப்போதுதான் பெரிய ஆள், சின்ன ஆள் என்ற கணக்கு கலைந்துபோகும். என்னைக் கேட்டால், உங்கள் பட்டியலிலேயே மிக முக்கியமான பெயர் கட்டில் வாடகைக்குக் கொடுப்பவர்தான். இந்த வாரம் எந்தெந்த வீட்டுக்குப் படுத்த படுக்கையாக ஒருவர் வந்திருக்கிறார் என்பது ஊரிலேயே அவருக்குத்தான் முதலில் தெரியும். கட்டிலை இறக்கிவைக்கும்போது அந்த வீட்டுக்காரர்களின் முகத்தையும் அவர் பார்க்கிறார். அவரிடம் குடும்பங்களின் பெயரையோ எண்ணையோ கேட்காதீர்கள். அது முறையல்ல, மற்றவர் வீட்டு நோய் விவரம் உங்கள் கைக்கு அப்படி வரக் கூடாது. உங்கள் எண்ணை அவரிடம் கொடுத்து, வேண்டுமென்பவர்களுக்கு மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்கு என்ன லாபம்? கட்டிலை எப்படி ஏற்றி இறக்குவது, எங்கே போடுவது என்று வீட்டுக்காரர்கள் திரும்பத் திரும்ப அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தொல்லை குறையும்.

6 வருடம் பேசாதவர்களிடம் திடீரென்று எப்படிப் பேசுவது என்று தயங்குவீர்கள். எல்லோருக்கும் இந்தத் தயக்கம் உண்டு. டேனியல் லெவின், ஜோர்ஜ் வால்டர், கீத் மர்னிகன் மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 200க்கு மேற்பட்ட நிர்வாகிகளிடம், குறைந்தது 3 வருடம் தொடர்பில் இல்லாதவர்களைத் தேடிப்பிடித்து ஒரு வேலை விஷயத்தில் யோசனை கேட்கச் சொன்னார்கள். பழக்கம் விட்டுப்போனவர்கள் சொன்ன யோசனைகள், இப்போது பழக்கத்தில் இருப்பவர்கள் சொன்னவற்றுக்குக் குறைந்தவையாக இல்லை, புதிதாகவும் இருந்தன. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் வேறு இடங்களுக்குப் போயிருப்பார்கள், வேறு விஷயங்கள் கற்றிருப்பார்கள். பழைய நம்பிக்கை மட்டும் அப்படியே இருக்கும். உங்களோடு ஷிப்ட் பார்த்த நர்ஸ் ஒருவர் இன்றைக்கு வேறொரு மருத்துவமனையில் நர்ஸிங் கண்காணிப்பாளராக இருக்கக்கூடும். விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேட்டால் ‘முடியாது’ என்றுதான் சொல்வார்கள் என்ற நம் ஊகம் பெரும்பாலும் தவறு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ் ஃப்ளின், வனெஸா லேக் இருவரும் 2008இல் வெளியிட்ட சோதனையில், முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு படிவத்தை நிரப்பித் தரும்படி கேட்கச் சொன்னார்கள். 5 பேர் நிரப்பித்தர, சுமார் 20 பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று கேட்கப் போனவர்கள் நினைத்தார்கள். உண்மையில் சுமார் 10 பேரைக் கேட்டதுமே கிடைத்துவிட்டது. எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்வது எவ்வளவு சங்கடம் என்பதைக் கேட்பவர் கணக்கில் எடுப்பதில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதே காரணத்தால், கேட்கிறவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. மறுக்க வழிவிட்டுக் கேட்க வேண்டும்.

‘எனக்கு உதவி செய்யுங்கள்’ என்று கேட்காதீர்கள். என்ன உதவி என்று அவருக்குப் புரியாது, பயந்துவிடுவார். ஒரு சின்னக் கேள்வியோடு போங்கள். உதாரணத்துக்கு, பிசியோதெரபிஸ்டுக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி:

“வணக்கம். நலமா? நீங்கள் அம்மாவுக்கு வந்து பயிற்சி கொடுத்ததை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். போன வருடம் அம்மா தவறிவிட்டார். இப்போது, நோயாளியை வீட்டுக்குக் கூட்டிவரும் குடும்பங்களுக்கு முதல் சில நாட்கள் கூட இருந்து சொல்லிக்கொடுக்கும் வேலையைத் தொடங்க யோசிக்கிறேன். நீங்கள் போகிற வீடுகளில் குடும்பத்தினர் அடிக்கடி செய்யும் தவறுகள் என்னென்ன என்று உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். 15 நிமிடம் போதும். இப்போது நேரம் இல்லையென்றாலும் பரவாயில்லை, தவறாக நினைக்க மாட்டேன்.”

இதில் பணம் கேட்கவில்லை, சிபாரிசு கேட்கவில்லை. அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பேசி முடிக்கும்போது, ‘இதைப் பற்றி வேறு யாரிடம் பேசலாம்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். அப்புறம் இரண்டு வாரம் கழித்து, அவர் சொன்னதில் எதைச் செய்தீர்கள், என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள். நிறையப் பேர் இந்தக் கடைசிக் காரியத்தை விட்டுவிடுகிறார்கள். யோசனை சொன்னவருக்கு அது என்ன ஆயிற்று என்று தெரிந்தால்தான் அடுத்த முறை அவராகவே உங்களைக் கூப்பிடுவார். ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். வாங்குகிறவருக்கு அது தெரிந்துவிடும்.

குறைகளைக் கடைசியில்தான் எழுத வேண்டும். நீங்கள் முதலிலேயே எழுதிவிட்டீர்கள். மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகு, இந்தப் பத்து நாள் வேலைக்கு உண்மையிலேயே எது குறைகிறது என்று பாருங்கள். நர்ஸிங் பட்டம் குறையில்லை, ஏனென்றால் நர்ஸ் வேலையை நீங்கள் செய்யப்போவதில்லை. அதற்குத் தெரிந்த நர்ஸ் ஒருவரோடு ஏற்பாடு வேண்டும். முதலுதவிப் பயிற்சியும் உயிர்காக்கும் மார்பழுத்தப் பயிற்சியும் (சிபிஆர்) கட்டாயம் வேண்டும். வீட்டுப் பராமரிப்பாளர் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று இருந்தால் நல்லது. அனுபவத்தில் கற்றதைச் சோதித்துப் பார்த்துச் சான்று தரும் ஏற்பாடு பல நாடுகளில் இருக்கிறது, உங்களுக்கு அது கிடைக்குமா என்று விசாரியுங்கள். கட்டணம் வாங்கத் தொடங்குவதற்கு முன், இந்த வேலைக்குப் பதிவோ உரிமமோ வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எவ்வளவு வரும் என்று இப்போதே கணக்குப் போடாதீர்கள், அது ஊகமாகத்தான் இருக்கும். எவ்வளவு போனால் குடும்பம் தாங்கும் என்று கணவரோடு உட்கார்ந்து ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். சரஸ்வதி பேசிய அந்தத் தொழில்முனைவோரும் இப்படித்தான் யோசித்தார்கள். அந்தத் தொகையைத் தாண்டுவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். கடன் வேண்டாம்.

கையிருப்பில் உங்கள் உடம்பும் மனசும் சேர்த்தி. 6 வருடம் தூக்கம் கெட்டவர் நீங்கள். இழப்பு நடந்து ஒரு வருடம்தான் ஆகிறது. வேறொருவர் வீட்டில் அதே மாதிரி ஒரு கட்டில், அதே மருந்து வாசனை, அதே அழைப்பு மணி. அது உங்களுக்கு என்ன செய்யும் என்று நீங்கள் போய் நின்றுபார்க்காமல் தெரியாது. தாங்க முடியாமல் போனால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதே அறிவைக் கொண்டு, நோயாளியின் அறைக்குள் போகாமலேயே வகுப்பெடுக்கலாம், டிஸ்சார்ஜ் ஆகும் குடும்பங்களுக்கு மட்டும் வழி சொல்லலாம். அதனால்தான் முதலில் மூன்று குடும்பங்களோடு மட்டும் செய்து பாருங்கள் என்கிறேன். தெரிந்தவர்களின் தெரிந்தவர்களாக இருக்கட்டும். கட்டணம் வேண்டாம், ஆனால் ஒன்று கேளுங்கள்: முடிந்த பிறகு எது உதவியது, எது உதவவில்லை என்று அவர்கள் உண்மையைச் சொல்ல வேண்டும். பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு, சேவைக்கு ஒரு பெயர், இவை எல்லாம் அந்த மூன்று குடும்பங்களுக்குப் பிறகுதான்.

மேலாளர் விஷயம். அவரிடம் போகலாமா என்று கேட்பதற்கு முன், அவரிடம் மட்டுமே இருக்கிற ஏதாவது உங்களுக்கு வேண்டுமா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை இல்லை. வீட்டுக்குப் போகும் குடும்பங்களைத் தினமும் சந்திப்பவர்கள் வார்டு நர்ஸ்களும் டிஸ்சார்ஜ் மேசையில் இருப்பவர்களும்தான். அவர்களோடு உங்களுக்கு மனக்கசப்பு இல்லை. ஒருநாள் அந்த மருத்துவமனை வளாகத்திலேயே குடும்பங்களுக்கு வகுப்பெடுக்க அனுமதி கேட்க வேண்டிய நிலை வந்தால், அப்போது அவருக்கு ஒரு சுருக்கமான கடிதம் எழுதலாம். பழையதைக் கிளற வேண்டாம், உங்கள் பக்கம் நியாயம் இருந்ததென்றால் மன்னிப்பும் கேட்க வேண்டாம். என்ன செய்கிறீர்கள், என்ன வேண்டும், அதனால் அவர்களுடைய நோயாளிகளுக்கு என்ன நன்மை என்ற மூன்றும் போதும். அதற்குள் மூன்று குடும்பங்களின் அனுபவம் உங்கள் கையில் இருக்கும், பேச்சு வேறு மாதிரி இருக்கும். 15 வருடப் பணிக்கான அனுபவச் சான்றிதழை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதை இந்த வாரமே மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். அதற்கு அவரைப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்காது.